மதகைத் திறப்பதா, குஞ்சு பறக்கும்வரை பொறுப்பதா?

இந்த இதழுக்குக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் ஒரு கடிதம் மட்டும் மூன்று நாளாக என் மேசையை விட்டு நகரவில்லை. மதுராந்தகம் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். காரணம் கடிதத்திலேயே இருக்கிறது.

"ஐயா, வணக்கம். எங்கள் ஊர் ஏரி சரணாலயம் கிடையாது. சாதாரணப் பாசன ஏரி, எழுபது ஏக்கர் இருக்கும். ஐந்தாறு வருடமாக நாரையும் கூழைக்கடாவும் இங்கே வந்து கூடு கட்டுகின்றன. பக்கத்துச் சரணாலயத்தில் தண்ணீர் குறைந்த ஒரு வருடத்தில் வந்தவை, அப்படியே பழகிவிட்டன. இந்த வருடம் மழை தள்ளிப்போய் டிசம்பரில்தான் ஏரி ஏறியது. பறவையும் தாமதம், எங்கள் நவரை நடவும் தாமதம். நாற்பது ஏக்கர் நட்டோம். இப்போது பயிர் தொண்டைக் கதிரில் நிற்கிறது. இன்னும் நான்கு தண்ணீராவது வேண்டும். ஏரியில் இடுப்பளவுதான் இருக்கிறது. மதகைத் திறந்தால் குஞ்செல்லாம் செத்துப்போகும் என்று பறவை பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் சண்டையாகி, அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுவிட்டது. எனக்கு இரண்டேகால் ஏக்கர். நகையை வைத்துத்தான் நட்டேன். பறவை பாவம்தான், நான் என்ன செய்வது? நாளைக்கு எங்கள் ஏரியையும் சரணாலயம் என்று எழுதிக்கொள்வார்களா? உங்கள் இலாகா என்ன சொல்கிறது?"

இலாகா சொல்வதை விடுங்கள், ஐயா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த வருடம் மதகைத் திறங்கள். ஆனால் திறப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாரும் அதைப் போட்டதாகத் தெரியவில்லை.

ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் அது ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். நாற்பது ஏக்கருக்கு நான்கு தண்ணீர் என்றால் மூன்று கோடியே இருபது லட்சம் லிட்டர். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே உறிஞ்சிப் போகும் என்று வைத்துக்கொண்டால், மதகிலிருந்து நான்கு கோடியே எண்பது லட்சம் லிட்டர் இறங்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர் இருக்கும்போது உங்கள் ஏரியில் ஐம்பது ஏக்கர் அளவுக்கு நீர் பரவியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது இருபது லட்சம் லிட்டர். ஆகவே நான்கு தண்ணீர் பாய்ச்சினால் ஏரி மட்டம் ஏறத்தாழ இருபத்து நான்கு சென்டிமீட்டர் இறங்கும். ஒரு அடிக்கும் குறைவு.

இதோடு வெயில் குடிப்பதையும் சேர்க்க வேண்டும். இந்தப் பருவத்தில் திறந்த ஏரியில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும். ஐந்து வாரத்தில் பதினெட்டு, இருபது சென்டிமீட்டர். நீங்கள் மதகைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது போகத்தான் போகிறது. இடுப்பளவு என்பதை மூன்று அடி என்று வைத்தால், இரண்டையும் கழித்த பிறகு முழங்கால் அளவுக்குத் தண்ணீர் மிஞ்சும். ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அதனால் கயிற்றில் கல்லைக் கட்டியோ, நீளமான மூங்கிலில் அளவு கீறியோ, கூடு உள்ள மரங்களுக்கு அடியில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மற்ற இடத்து ஆழம் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

அந்த மரத்தடித் தண்ணீர் ஏன் முக்கியம் என்றால், குஞ்சுகளுக்கு அதுதான் அகழி. தண்ணீர் நிற்கும்வரை நாயும் நரியும் காட்டுப் பூனையும் மரத்தை அண்டாது. பையன்களும் மரமேற மாட்டார்கள். கீழே தரை தெரிந்துவிட்டால், குஞ்சு கூட்டில் இருந்தாலும் தாய்ப் பறவை விட்டுவிட்டுப் போய்விடுவது உண்டு. இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு தவறிக் கீழே விழுந்தாலும் அதே கதிதான். மரத்தடியில் முழங்கால் அளவு நின்றால் இந்த வருடக் குஞ்சுகளைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்பது என் கணிப்பு.

நான்கு தண்ணீரை மூன்றாகக் குறைக்கவும் வழி உண்டு. கதிர் வெளிவந்து பூக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் மட்டும் வயல் காயக் கூடாது. அங்கே சிக்கனம் பார்த்தால் பதர்தான் மிஞ்சும். பால் பிடித்த பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் போகலாம். ஒரு அடி நீள பிவிசி குழாயில் சுற்றிலும் துளை போட்டு வயலில் புதையுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறு தண்ணீர் விட்டால் போதும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு மதகை அடைத்துவிட வேண்டும். கடைமடையில் முதலில் பாய்ச்சி மேலே வருவதா, மேலிருந்து கீழா என்பதை உங்கள் ஊர் நீர்க்கட்டியிடம் விடுங்கள். அவர் கால் படாத வாய்க்கால் இருக்காது. வாய்க்காலில் பத்து இடத்தில் கசிவை அடைத்தாலே, பறவைக்கும் பயிருக்கும் நடுவே நீங்கள் சண்டை போடுகிற தண்ணீரில் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

இந்த வருடத்துக்கு இது போதும். அடுத்த வருடம் என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

உங்கள் பக்கத்து வேடந்தாங்கலைப் பற்றி உங்களுக்கே நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். மற்ற மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ முப்பது ஹெக்டேர்தான். அதை முதலில் காப்பாற்றியது எந்த இலாகாவும் அல்ல, ஏரிப் பாசன விவசாயிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் போய் முறையிட்டார்கள். 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், அங்கே யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் ஊரார் அதைப் புதுப்பித்து வாங்கிக்கொண்டார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்தான். அதற்கு 174 வருடம் முன்பே நம் ஆட்கள் காகிதம் வாங்கி வைத்துவிட்டார்கள்.

பறவைப் பாசம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக் கணக்கில் எச்சமிடுகிற ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்திருக்கும். பாய்ச்சினால் எருவும் சேர்ந்து பாயும். நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் இருந்தேன். பட்டப் படிப்பு முடித்த சூடு. பறவை ஏரித் தண்ணீர் பாயும் வயலில் ஒரு பெரியவரை, அவர் வேண்டாம் என்றும் கேட்காமல், சிபாரிசு அளவு யூரியாவை முழுதாக மூன்று தவணையில் போட வைத்தேன். "தம்பி, எங்க தண்ணியிலயே எரு இருக்குது, பாதி போதும்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். பயிர் கருகருவென்று பச்சை கட்டி, புகையான் விழுந்து, மிச்சம் காற்றில் சாய்ந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார். அந்த மோர் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஆகவே, ஐயா, உங்கள் ஏரியிலும் ஐந்தாறு வருடமாகப் பறவை இருக்கிறது என்றால் மேலுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் இலை வண்ண அட்டை கேளுங்கள். நடவு செய்த இரண்டு வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை இலையை அட்டையோடு ஒப்பிட்டு, நிறம் குறைந்தால் மட்டும் யூரியா போடுங்கள். ஏக்கருக்கு எத்தனை கிலோ மிச்சமானது என்று எழுதி வையுங்கள். அடுத்த ஊர்க் கூட்டத்தில் அந்தக் கணக்கும் வேண்டும். பறவை உங்களிடம் வாங்குவதை மட்டும் பேசினால் பாதிக் கணக்குதான் ஆகும்.

வேடந்தாங்கலுக்கு வருவோம். சிப்பாயின் துப்பாக்கியை ஒரு காகிதத்தால் தடுக்க முடிந்தது. இப்போது வந்திருப்பது காகிதத்துக்குக் கட்டுப்படாத விஷயம். அது மழை.

நமக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழைதான். செங்கல்பட்டுப் பக்கம் பாதிக்கும் மேல். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை சீராகப் பெய்தால் ஏரி நவம்பர் நடுவிலேயே நிறையும். பறவையும் அந்தக் கணக்கில்தான் வரும். இப்போது அந்தச் சீர் கலைந்துவிட்டது. 2015-ல் கொட்டித் தீர்த்து ஊரையே மூழ்கடித்தது. மறு வருடம் 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2021 நவம்பரில் சென்னையில் ஒரே மாதத்தில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மொத்த மழையைக் கூட்டிப் பார்த்தால் சராசரி சரியாகத்தான் தெரியும். பறவையும் பயிரும் சராசரியில் பிழைப்பதில்லை. நான்கு நாளில் கொட்டுகிற மழை கலங்கல் வழியாகக் கடலுக்குப் போய்விடும். ஏரிக்கு வேண்டியது அது அல்ல.

ஒரு மாதத் தாமதம் என்ன செய்யும் என்று பாருங்கள். நாரை கூடு கட்டி முட்டையிட்டு அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். கூழைக்கடாக் குஞ்சுக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். நவம்பர் நடுவில் தொடங்கினால் பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலான குஞ்சுகள் கிளம்பிவிடும். அந்தக் காலத்தில் நவரைக்குக் கடைசித் தண்ணீர் விடும்போது கூடுகள் காலியாகிக்கொண்டிருக்கும். யாரும் திட்டமிடாமலே இரண்டும் ஒத்துப்போனது. டிசம்பர் கடைசியில் தொடங்கினால் ஏப்ரல் வரை குஞ்சு கூட்டில். நவரையும் ஏப்ரல் வரை வயலில். இரண்டும் ஒரே ஏரியை, ஒரே மாதத்தில், அதுவும் வெயில் ஏறிய மாதத்தில் கேட்கின்றன. உங்கள் ஊரில் நடப்பது இதுதான். பறவை பார்க்க வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, நீங்களும் பேராசைக்காரர் இல்லை. பழைய நாட்காட்டி இப்போது பொருந்தவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரணாலயத்துக்கு எல்லைக்கல் நட்டது பறவை அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில். வேடந்தாங்கலைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று 1998-ல் அறிவித்தார்கள். அந்த வட்டத்துக்குள் ஊர்களும் பட்டா நிலங்களும் உண்டு, விவசாயமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்து பெரிய விவாதமானது. வட்டம் குறையக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் வட்டத்தை எவ்வளவு அழுத்திப் போட்டாலும், அதற்குள் தண்ணீர் இல்லாத வருடம் நாரை கிளம்பி உங்கள் ஏரிக்கு வந்துவிடுகிறது. குஞ்சுக்கான மீனையும் நத்தையையும் அது சரணாலயத்துக்குள் மட்டும் பிடிப்பதில்லை. சுற்றுவட்டாரத்து ஏரியும் குட்டையும் நெல் வயலும்தான் அதன் மேய்ச்சல் நிலம். வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சர்வதேசப் பெருமை வந்தது சந்தோஷம். ஒன்றில் மழை தவறினால் இன்னொன்று, அதுவும் தவறினால் பக்கத்து ஊர் ஏரி என்று ஐந்தாறு ஏரியாவது தயாராக இருந்தால்தான் இனி பறவைக்குப் பிழைப்பு. அதனால்தான் உங்கள் சாதாரண ஏரியின் சண்டையை இத்தனை பெரிதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சரி, அடுத்த வருடத்துக்கு வேலை எங்கே தொடங்க வேண்டும்? ஆகஸ்டில். வரத்துக்கால்வாய்தான் முதல் வேலை. மேலே உள்ள ஏரியின் கலங்கல் முதல் உங்கள் ஏரி வாய் வரை நடந்து பாருங்கள். நடுவில் யாராவது வரப்பை நகர்த்தியிருப்பார்கள், பாலத்துக் குழாய் அடைத்திருக்கும், சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். நாட்டு மழை நான்கு நாளில் கொட்டுகிற காலத்தில், அந்த நான்கு நாளில் ஏரிக்குள் வராத தண்ணீர் பிறகு வராது. ஊராட்சியில் தீர்மானம் போட்டால் நூறு நாள் வேலையில் கால்வாயைச் சுத்தம் செய்ய வழியிருக்கிறது.

அடுத்து, நவரை நாற்று விடுவதற்கு முன், டிசம்பர் கடைசியில் ஒரு கூட்டம் போடுங்கள். சண்டை வந்த பிறகு போடுகிற கூட்டத்தில் நியாயம் பிறக்காது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் பெயரிலேயே கூட்டுங்கள். வனத்துறை ஆள், நீர்வளத் துறை ஆள், எங்கள் இலாகா ஆள் மூவரையும் கூப்பிடுங்கள். வராவிட்டால் விடாதீர்கள். முதலில் கூடு மரத்தடியில் எந்த மட்டத்துக்குக் கீழே தண்ணீர் போகக் கூடாது என்று முடிவு செய்து, மதகுக் கல்லில் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள தண்ணீரில் ஆவியாவதைக் கழித்து, மிச்சத்துக்கு எத்தனை ஏக்கர் நெல் தாங்கும் என்று பார்த்து நாற்று விடுங்கள். தாங்காத ஏக்கரில் நெல் வேண்டாம்.

நெல் வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் நவரை நெல்லுக்கு நாற்று முதல் அறுவடை வரை ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். உளுந்துக்கு 12 லட்சம் லிட்டர் போதும். நாற்பது ஏக்கரில் பதினைந்தில் மட்டும் நெல், இருபத்தைந்தில் உளுந்து என்று போனால் ஒன்பது கோடி லிட்டர் மிச்சம். உங்கள் ஏரியில் அது ஒன்றரை அடி உயரம். இந்த வருடம் நீங்கள் சண்டை போட்ட தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வம்பன் 8, வம்பன் 11 போன்ற ரகங்கள் எழுபது, எழுபத்தைந்து நாளில் வந்துவிடும், மஞ்சள் தேமல் நோயையும் தாங்கும். ஆயக்கட்டு நிலம் களிமண்ணாக இருக்கும், அதனால் வடிகால் வெட்டாமல் உளுந்து விதைக்காதீர்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். நெல் போடுகிற ஏக்கரிலும் கோ 51, ஏடிடீ 37 போல 105, 110 நாள் ரகமாகப் பாருங்கள். நேரடி விதைப்பு பழகியவர்கள் நாற்றங்கால் தண்ணீரையும் மிச்சம் பிடிக்கலாம்.

யாருக்கு நெல், யாருக்கு உளுந்து என்பதில்தான் கூட்டம் உடையும். மேல்மடைக்காரர் எப்போதும் நெல், கடைமடைக்காரர் எப்போதும் உளுந்து என்று வைத்தால் அது ஒரு வருடம்கூட நிற்காது. வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், அல்லது ஒவ்வொருவரும் தங்கள் நிலத்தில் பாதி பாதி போடுங்கள். உங்களைப் போல இரண்டேகால் ஏக்கர்க்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்காவது முக்கால் ஏக்கர் நெல் போட்டாக வேண்டும் என்பதையும் கூட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், நானே அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் என்றாலும். பறவைக்காக ஒரு ஊர் நெல்லை விட்டுக்கொடுத்தால், அந்த ஊர் உளுந்துக்கு விதை மானியமும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஆதரவு விலைக் கொள்முதலும் முதலில் கிடைக்க வேண்டும். சரணாலயத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கிப் போகிறவர்கள் பார்க்கிற பறவையில் ஒரு பங்கு பக்கத்து ஊர் ஆயக்கட்டில் மேய்ந்து வளர்ந்தது. அந்தச் சீட்டுக் காசில் ஒரு பங்கு பக்கத்து ஏரியின் கால்வாய்க்கும் மதகுக்கும் வரவேண்டும் என்று கேட்பது தப்பில்லை. எழுத்தில் கேளுங்கள்.

தூர்வாருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வியாக அதுதான் வரும். வண்டல் எடுக்க எல்லோருக்கும் ஆசை. ஏரி முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், நாரைக்கு மட்டும் நிற்க இடம் இருக்காது. அது முழங்கால் ஆழத்தில் நடந்து மீன் பிடிக்கிற பறவை. மதகுப் பக்கம் ஆழப்படுத்துங்கள், எதிர்ப்பக்கத்தைச் சரிவாகவே விடுங்கள். எடுத்த மண்ணில் கொஞ்சத்தை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வையுங்கள். வேடந்தாங்கலில் பறவை கூடு கட்டுகிற நீர்க்கடம்பு மாதக் கணக்கில் தண்ணீரில் நின்றாலும் தாங்குகிற மரம். கூடு மரங்களும் சாகாவரம் பெற்றவை அல்ல. எச்சமும் நீண்ட வெள்ளமும் நீண்ட வறட்சியும் மாறி மாறி வந்தால் பட்டுப்போகும். இன்று வைக்கிற கன்று கூட்டைத் தாங்கப் பல வருடம் ஆகும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. மண் வேலை எல்லாம் பறவை கிளம்பிய பிறகு, மே முதல் ஆகஸ்டுக்குள். சரணாலய ஏரியாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது. உங்கள் ஏரி போன்றவற்றில் ஊராட்சியையும் நீர்வளத் துறையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஏரியை எடுத்துக்கொள்வார்களா என்ற உங்கள் பயம். சரணாலயமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாரையையும் கூழைக்கடாவையும் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் பறவை வந்துவிட்டதாலேயே ஏரி தானாகச் சரணாலயம் ஆகிவிடாது. சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. சரணாலயத்தைவிட இளக்கமான ஏற்பாடாக, அரசு நிலத்தில் உள்ள இடங்களைச் சுற்றியுள்ள மக்களிடம் கலந்து பேசி 'பாதுகாப்புக் காப்பகம்' என்று அறிவிக்கலாம். அதன் நிர்வாகக் குழுவில் அந்தந்த ஊராட்சியின் பிரதிநிதியும், எங்கள் வேளாண் துறையின் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரில் பறவைகளுக்காக 2005-லேயே அப்படி ஒன்று அறிவிக்கப்பட்டது. உங்கள் ஊருக்கு அது வேண்டுமா என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டோடு இரண்டு நவரை ஓட்டிப் பாருங்கள். கோட்டை ஊரே காப்பாற்றினால் காகிதம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். 1798-ல் அந்த ஊரார் செய்ததும் அதுதான், முதலில் பறவையைக் காப்பாற்றினார்கள், பிறகு கவுல் வாங்கினார்கள்.

உங்கள் அண்ணன் தம்பிப் பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் மூங்கிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கி ஆழம் அளக்க இரண்டு பேர் வேண்டும். தம்பியைக் கூப்பிடுங்கள்.



இன்னொரு கேள்வி, முதுகுளத்தூர் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் கண்மாயில் சீமைக்கருவேலத்தை மொத்தமாக வெட்டப்போகிறார்கள். அதில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கின்றன. வெட்டுவது நல்லதுதானே சார்?"

வெட்ட வேண்டியதுதான், அம்மா. ஆனால் மொத்தமாகவும் இப்போதும் வேண்டாம். சீமைக்கருவேலம் கண்மாயின் கொள்ளளவைத் தின்கிறது, நாட்டு மரங்களை வளர விடுவதில்லை. ஆனால் வேறு மரம் இல்லாத இடத்தில் பறவைக்கு அதுதான் வீடாகிவிட்டது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவை வறண்ட வருடம் பறவை உங்கள் கண்மாயைத்தான் தேடி வரும். குஞ்சுகள் கிளம்பும்வரை கூடு உள்ள மரங்களில் கை வைக்க விடாதீர்கள். கூடு இல்லாத பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கச் சொல்லுங்கள். வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். காலியான இடத்தில் திட்டுப் போட்டு நாட்டுக் கருவேலம் வையுங்கள். அது வளர்ந்து பறவை அங்கே மாறுகிறவரை, கண்மாய் நடுவில் உள்ள கூடு மரங்களில் ஒரு பகுதியை விட்டுவைக்கலாம். ஊராட்சித் தலைவரிடம் பேசும்போது வேலை ஆணையிலேயே "கூடு உள்ள மரங்கள் நீங்கலாக" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பினால் காலையில் பொக்லைன் வந்து நிற்கும்.